மைன்ட் பண்ணாதேங்கோ! - வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ஆங்கிலச் சொற்களைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மனசையும் யோசனையையும் சுற்றியே இருந்தன, அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, நான் நிலாவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். ஒரு வெள்ளைக்கார அம்மா புறாத்தீவுக்குப் போய்வரும் வரைக்கும் பையை இங்கே வைக்கலாமா என்பதற்கு "வுட் யூ மைன்ட் இஃப் ஐ லெஃப்ட் மை பேக் ஹியர்?" என்று கேட்டா. நான் சிரித்துக்கொண்டே "யெஸ், யெஸ்" என்றேன். அவ "ஓ, சொறி" என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றா. மைன்ட் என்றால் மனம்தானே? என்ன பிழை விட்டேன்?

பதில்: தம்பி, அவ கேட்டது "இங்கே வைத்தால் உங்களுக்குக் கரைச்சலா?" என்று. நீங்கள் சிரித்த முகத்தோடு "ஓம், ஓம், கரைச்சல்தான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குச் சம்மதம் சொல்வதென்றால் "நோ, நொட் அட் ஓல்" என்று இல்லையில்தான் தொடங்க வேண்டும். அந்த நேரத்துக்கு வாய் வரவில்லையா, "ப்ளீஸ்" என்று சொல்லிக் கையை நீட்டிப் பையை வாங்கி மேசைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள், அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.

மைன்ட் என்றால் மனம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள், அதில்தான் வில்லங்கம். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முதற்பொருள் நினைவு. 'ரிமைன்ட்' என்பதற்குள் அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. 'கீப் இன் மைன்ட்' என்றாலும் நினைவில் வைத்திரு என்றுதான் அர்த்தம். நினைவில் வைப்பதிலிருந்து கவனிப்பது வந்தது. பிள்ளை பார்க்கிறவரை 'சைல்ட் மைன்டர்' என்பார்கள். லண்டன் நிலக்கீழ் ரயிலில் 1968 முதல் ஒலிக்கிற 'மைன்ட் த கேப்' என்பதும் ரயிலுக்கும் மேடைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்துக் காலை வை என்கிற எச்சரிக்கைதான், மனசுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கவனிப்பதிலிருந்து பொருட்படுத்துவது, அங்கிருந்து ஆட்சேபிப்பது என்று சொல் நகர்ந்து நகர்ந்து உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இது நமக்கு ஏற்கெனவே தெரியும். "அவர் சொன்னதை மைன்ட் பண்ணாதேங்கோ", "அவள் என்னை மைன்ட் பண்ணவே இல்லை" என்றெல்லாம் நாள் முழுக்கக் கதைக்கிறோம், அங்கே யாரும் மனம் என்று அர்த்தம் எடுப்பதில்லை. ஆங்கிலத்தில் கதைக்கிறபோது மட்டும் ஏனோ பாடப்புத்தகம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

கேள்வி: கொன்ஷியஸ், கொன்ஷன்ஸ் இரண்டும் குழப்புகிறது சேர். அன்கொன்ஷியஸ், சப்கொன்ஷியஸ் வேறு இருக்கிறது. (ஏ.எல். மாணவி, மூதூர்)

பதில்: குழம்புவது நியாயம் பிள்ளை, முதல் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 'அறிதல்' என்கிற லத்தீன் வேரிலிருந்து பிறந்தவை, சயன்ஸும் அதே வீட்டுப் பிள்ளைதான். அதனால் கொன்ஷன்ஸ் எழுதத் தெரியாவிட்டால் 'கொன்' எழுதிப் பக்கத்தில் சயன்ஸை எழுதிவிடுங்கள், எழுத்துப் பிழைக்காது. கொன்ஷியஸ்னெஸ், கொன்ஷன்ஸ் இரண்டுக்கும் பிரெஞ்சுக்காரர் ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறார்கள்.

கொன்ஷியஸ் என்றால் விழிப்பு, உணர்வோடு இருப்பது. கொன்ஷன்ஸ் என்றால் மனச்சாட்சி. மீதிக்காசு கூடத் தந்துவிட்டார் கடைக்காரர் என்று தெரிவது கொன்ஷியஸ், வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் காசு உறுத்துவது கொன்ஷன்ஸ். இன்னொன்றும் இருக்கிறது, கொன்ஷியென்ஷஸ். வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்கிறவருக்கு அப்படிச் சொல்வார்கள். ஆனால் 1916-இல் பிரித்தானியாவில் கட்டாய இராணுவச் சேவை வந்தபோது கொல்ல மாட்டேன் என்று மறுத்தவர்களை 'கொன்ஷியென்ஷஸ் ஒப்ஜெக்டர்' என்றார்கள், அங்கே மனச்சாட்சி என்கிற பழைய பொருள் நேராகவே தெரிகிறது.

அன்கொன்ஷியஸ் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் ஆள் நினைவில்லாமல் கிடக்கிறார். முன்னால் 'தி' போட்டு 'தி அன்கொன்ஷியஸ்' என்றால் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்ட் சொன்ன நனவிலி மனம், நமக்கே தெரியாமல் உள்ளே இயங்குகிற மனம். சப்கொன்ஷியஸ் என்பது ஊர்வழக்கில் அதே இடத்தில் புழங்குகிறது, பிராய்டுக்கு அந்தச் சொல் பிடிக்காது. மயங்கி விழுந்தவரைச் சப்கொன்ஷியஸ் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கனநாளாக நித்திரை இல்லை, யாரோடும் கதைப்பதும் குறைந்துவிட்டது. சித்தப்பா சைக்கோலஜிஸ்டிடம் காட்டச் சொல்கிறார், மாமி சைக்கியாட்ரிஸ்ட் என்கிறா. இரண்டும் ஒன்றா? (உட்துறைமுக வீதி வாசகி)

பதில்: இல்லை தங்கச்சி. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவம் படித்து, அதற்கு மேல் மனநோய்களில் சிறப்புப் படிப்பும் முடித்த டொக்டர், மருந்து எழுதுவார். அந்தத் துறைக்குப் பெயர் வைத்தவர் ரைல் என்கிற ஜேர்மன் மருத்துவர், 1808-இல். பெயரின் பின்பாதியிலேயே கிரேக்கத்தில் வைத்தியர் இருக்கிறார். சைக்கோலஜிஸ்ட் உளவியல் படித்தவர், கதைத்தும் பரிசோதித்தும் பயிற்சி தந்தும் உதவுகிறவர், பொதுவாக மருந்து தருவதில்லை. நாங்கள் உளவளத்துணையாளர் என்கிறோமே, அவர் கவுன்சிலர்.

அம்மாவைப் பொறுத்தவரை யார் என்று வீட்டில் வாக்குவாதப்பட்டுக் கொண்டிருக்காமல், முதலில் பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நித்திரை போவதற்கு உடம்பில் வேறு காரணமும் இருக்கலாம், பார்த்துவிட்டு யாரிடம் அனுப்ப வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். அப்புறம் ஒன்று, மாமியோ சித்தப்பாவோ 'மென்டல்' என்ற சொல்லை வீட்டில் எடுத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். 'மென்டல் ஹெல்த்' என்று சேர்ந்து வரும்போது ஒரு குற்றமும் இல்லாத சொல், தனியாக ஒரு ஆளைப் பார்த்துச் சொன்னால் ஆங்கிலத்திலும் அது வசைதான்.

கேள்வி: "ப்ளீஸ் ரிமெம்பர் மீ டு கோல் ஹிம்" என்று எழுதினேன், மனேஜர் சிரிக்கிறார். (கிண்ணியா)

பதில்: 'ரிமைன்ட் மீ' என்று வந்திருக்க வேண்டும். நாமாக நினைவு வைத்தால் ரிமெம்பர், இன்னொருவர் நினைவூட்டினால் ரிமைன்ட். ஆனால் "ரிமெம்பர் மீ டு யுவர் மதர்" என்று யாராவது சொன்னால் திருத்தப் போகாதீர்கள். "அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கோ" என்று நாங்கள் வாசலில் நின்று சொல்கிறோமே, அதேதான்.

கேள்வி: 'ஐ திங்க்', 'ஐ ஆம் திங்கிங்' - எது சரி? (உப்புவெளி)

பதில்: இரண்டும். முதலாவது அபிப்பிராயம், இரண்டாவது இன்னும் யோசனை முடியவில்லை. "கொழும்புக்குப் போக யோசிக்கிறன்" என்பதற்கு 'ஐ ஆம் திங்கிங் ஒவ்' போடுங்கள்.

கேள்வி: மகனின் தேர்ச்சி அறிக்கையில் டீச்சர் 'எ தோட்ஃபுல் போய்' என்று எழுதியிருக்கிறா. வகுப்பில் எதையோ யோசித்துக்கொண்டே இருக்கிறான் என்று முறைப்பாடா? (திருமலை நகரம்)

பதில்: பாராட்டு அம்மா! யோசிக்கிறவன் என்ற பொருளும் உண்டுதான், ஆனால் ஒரு பிள்ளையைப் பற்றி இப்படி எழுதினால் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளின் தேவையை அவர்கள் கேட்காமலே கவனிக்கிறவன் என்று அர்த்தம். 'லொஸ்ட் இன் தோட்' என்று எழுதியிருந்தால்தான் யன்னலோரத்து வாங்கிலிருந்து மாற்றி இருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும்.