ஒரே ஆள் ஜெயித்தால் சலிக்குமா?

அன்புள்ள ஐயா,

2013-ல் சென்னையில் நடந்த உலக செஸ் சாம்பியன்ஷிப்பில் ஆனந்த் தோற்றதிலிருந்து, அவரை ஜெயித்த நார்வே வீரர் கார்ல்சன் ஆடுவதைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விட்டது. முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தில் ரசிகனுக்கு என்ன மிச்சம்? சமபலமுள்ள இருவர் மோதினால்தானே சுவாரஸ்யம்? ஸ்கிரீனில் கம்ப்யூட்டர் கணிப்பு 0.00, அதாவது சமநிலை, என்று வந்தாலே அணைத்துவிடுகிறேன். குகேஷ் வந்த பிறகுதான் மறுபடி பார்க்கிறேன்.

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

ஆனந்துக்காக மனம் நொந்தது நியாயம்தான். சொந்த ஊரில் நடந்த தோல்வி, ஆறாது. அதற்குப் போய் சலிப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

சமபலம் கேட்கிறீர்கள். 2018 உலக சாம்பியன்ஷிப், லண்டன்: தரப்புள்ளியில் கார்ல்சன் 2835, எதிராளி கருவானா 2832. 12 ஆட்டம், 12 டிரா. நேரம் குறைந்த ரேபிட் ஆட்டங்களில்தான் தீர்ந்தது. கார்ல்சன் பட்டத்துக்கு ஆடாமல் விலகிய 2023 சாம்பியன்ஷிப்பில், அஸ்தானாவில் சீனாவின் டிங்கும் ரஷ்யாவின் நெபோம்னியாச்சியும் ஆளுக்கு மூன்று ஜெயித்தார்களே என்பீர்கள். சரி. அப்போதும் ‘கார்ல்சன் ஆடியிருந்தால்?’ என்ற பேச்சு ஓயவில்லையே! 2025 ஜூனில் நார்வேயில் குகேஷிடம் தோற்று கார்ல்சன் மேஜையைக் குத்திய காட்சி ஊரெல்லாம் பரவியது. அடிக்கடி தோற்கிறவர் குத்தியிருந்தால் மேஜையைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது.

உங்களைக் கெடுத்தது அந்த 0.00. இரண்டு பக்கமும் பிசகில்லாமல் ஆடினால் டிரா, அவ்வளவுதான் அது சொல்வது. பிசகாமல் ஆடுவது யாருக்குக் கஷ்டம் என்று அதற்குத் தெரியாது.

2021 துபாய், ஆறாவது ஆட்டம். நெபோம்னியாச்சிக்கு எதிராக கார்ல்சன் ஆடியது 136 நகர்வு, ஏழே முக்கால் மணி நேரம். உலக சாம்பியன்ஷிப் வரலாற்றிலேயே நீளமானது. முதல் 40 நகர்வுக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம், நகர்வுக்கு நகர்வு கூடுதல் வினாடி கிடையாது. அதனால் 30-ஐத் தாண்டியதும் இருவருமே தடுமாறினார்கள். அதெல்லாம் எல்லாரும் பார்த்த பகுதி. நீங்கள் அணைத்துவிட்டுப் போன பகுதிக்கு வருகிறேன்.

கடைசியில் கார்ல்சனிடம் யானை, குதிரை, இரண்டு சிப்பாய். எதிரே ஒற்றை ராணி. கணக்குப்படி டிரா. ஆனால் ராணிக்கு இருக்கும் ஒரே வழி செக் கொடுத்துக்கொண்டே இருப்பது. ஒன்றையொன்று காக்கும் காய்களை அது தனியாக வெட்ட முடியாது. கார்ல்சன் அவசரப்படவில்லை. சிப்பாயைத் தள்ளினால் திரும்ப வராது, ராஜாவுக்கு இருந்த மறைப்பும் போய்விடும். எனவே முதலில் யானையையும் குதிரையையும் ராஜாவைச் சுற்றி நிறுத்தி செக் வரும் வழிகளை அடைத்தார். பிறகுதான் சிப்பாய், ஒரு கட்டம். அவர் தவறினாலும் பெரும்பாலும் டிராதான். எதிராளி ராணியை ஒரு கட்டம் தவறி வைத்தால் ஆட்டம் போச்சு. ஏழு மணி நேரம் உட்கார்ந்த மனிதருக்கு நகர்வுக்கு 30 வினாடிதான் கூடும். 130-வது நகர்வில் நெபோம்னியாச்சி தவறினார், தோற்றார்.

இதையா சலிப்பு என்கிறீர்கள்? அதற்கு முன் 2016, 2018, 2021 என்று மூன்று போட்டிகளில் நீண்ட நேர கிளாசிக்கல் ஆட்டங்கள் தொடர்ந்து 19 டிரா ஆகியிருந்ததே, அதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அந்த ஆட்டத்தை 115-வது நகர்விலிருந்து பலகையில் வையுங்கள். கறுப்புப் பக்கம் நீங்கள் உட்காருங்கள். நகர்வுக்கு 30 வினாடி, ராணியை எங்கே வைக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.