கிளிக் வருது, போன் மட்டும் வரல: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவ கூகுள் விளம்பரம் பத்தின கேள்விகளா பார்த்து எடுத்திருக்கேன். கேட்ட எல்லாருமே சொந்தக் காசப் போட்டு தொழில் பண்றவங்க, அந்தக் காசு தினம் கரையறதப் பார்த்துட்டு சும்மா இருக்க மனசு கேக்கல.

கேள்வி: வணக்கம் சார். கோயம்புத்தூர்ல ஹோட்டல், கேட்டரிங்காரங்களுக்கு டில்டிங் கிரைண்டர் செஞ்சு விக்கிறோம். 2 மாசமா கூகுள் ஆட்ஸ்ல தினம் 600 ரூபா விடுறேன், கிளிக்குக்கு 20 ரூபா கிட்ட போகுது, ஒரு நாளைக்கு 30 பேர் சைட்டுக்கு வர்றாங்க, ஆனா வாரத்துக்கு 2 போன் வந்தா பெருசு. குவாலிட்டி ஸ்கோர் 3ன்னு காட்டுது, லேண்டிங் பேஜ் (விளம்பரத்த தொட்டா திறக்குற பக்கம்) சராசரிக்கும் கீழன்னு வேற போட்டிருக்கு. பிட்ட, அதாவது ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் இவ்வளவு தர்றேன்னு வைக்கிற தொகைய, ஏத்தினா சரியாகுமா?

பதில்: பிட்ட இப்போதைக்கு ஒரு ரூபா கூட ஏத்தாதீங்க. நீங்க அனுப்பின லிங்க்க வைஃபைய ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால போன்ல திறந்தேன். கொஞ்ச நேரம் வெள்ளத் திரை, அப்புறம் ஒரு பூஜை போட்டோ, அது தானா நகர்ந்து தீபாவளி வாழ்த்து, அதுவும் நகர்ந்து பேக்டரி வாசல். கீழ தள்ளினா 'எங்களைப் பற்றி'. கிரைண்டர் படம் கண்ணுல பட கட்டைவிரலால 5 தடவ தள்ள வேண்டியிருந்தது, வந்ததும் வீட்டுக்கு வாங்குற 2 லிட்டர் டேபிள் டாப். 10 லிட்டர் எங்கன்னு தேடினா மெனுவுக்குள்ள ப்ராடக்ட்ஸ், அதுக்குள்ள கமர்ஷியல், அதுக்குள்ள ஒரு பிடிஎஃப்.

இப்ப அந்தப் பக்கம் இருக்கற ஆள நெனச்சுப் பாருங்க. மெஸ் நடத்துறவர், பழைய கிரைண்டர் மோட்டார் போயிருச்சு, நாளைக்கு இட்லி மாவுக்கு என்ன பண்றதுன்னு தவிச்சுட்டு "10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் விலை"ன்னு டைப் பண்றாரு. அவர் கேட்டது ஒரே ஒரு விஷயம். உங்க பேஜ் அதத் தவிர எல்லாத்தையும் சொல்லுது, அவர் பேக் பட்டன அமுக்கிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போயிடுறாரு, உங்க 20 ரூபா போச்சு.

கூகுள் இந்த குவாலிட்டி ஸ்கோர 2005ல கொண்டு வந்தாங்க. இப்ப 1ல இருந்து 10 வரைக்கும் மார்க், அதுக்குப் பின்னாடி 3 விஷயம்: விளம்பரத்த எவ்வளவு பேர் தொடுவாங்கன்ற கணிப்பு, தேடுன வார்த்தைக்கும் விளம்பரத்துக்கும் பொருத்தம், அப்புறம் தொட்டு உள்ள வந்தவங்களுக்கு பேஜ் எப்படி இருக்குன்றது. அதே கீவேர்டுக்கு (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வரணும்னு நாம குடுக்கற வார்த்தை) விளம்பரம் குடுக்கற மத்தவங்களோட ஒப்பிட்டுத்தான் 'கீழ', 'மேல'ன்னு போடுவாங்க. ஒண்ணு தெளிவா புரிஞ்சுக்கோங்க, உங்களுக்குக் காட்டுற அந்த 3ன்ற ஸ்கோர், யார் விளம்பரம் மேல வரும்னு கூகுள் நடத்துற ஏலத்துக்குள்ள நேரா போறதில்ல, அது டாக்டர் பார்க்குற ஜுர மீட்டர் மாதிரி. ஆனா ஒவ்வொரு தேடலுக்கும் நடக்குற ஏலத்துல பிட்டோட சேர்த்து விளம்பரத்தோட, பேஜோட தரத்தையும் அப்பப்ப கணக்குல எடுக்குறாங்க, அதனால உங்கள விட கம்மியா பிட் வச்சவர் நல்ல பேஜ் இருந்தா உங்களுக்கு மேல வந்து உங்களவிட கம்மியா கட்டிட்டுப் போகலாம். மோசமான பேஜ வச்சுட்டு பிட்ட ஏத்துறது ஓட்டைக் குடத்துல வேகமா தண்ணி ஊத்துற மாதிரிதான்.

செய்ய வேண்டியது இது. ஹோம் பேஜ அப்படியே விட்டுடுங்க, 10 லிட்டருக்குன்னு தனியா ஒரு பேஜ் போடுங்க, 20 லிட்டருக்கு இன்னொண்ணு. விளம்பரத்துல என்ன வார்த்தையோ அதே வார்த்தை பேஜ் தலைப்புல இருக்கணும். தள்ளாமலே தெரியற முதல் திரையில மிஷின் போட்டோ, விலை, போன் பட்டன், மூணும் வந்துடணும். கீழ, வாங்குறவர் போன்ல கேக்குற கேள்விங்க: சிங்கிள் பேஸ்ல ஓடுமா, மோட்டார் எத்தன ஹெச்பி, வாரண்டி எத்தன வருஷம், ஜிஎஸ்டி சேர்த்தா, லாரி வாடகை யாரு, குழவி தேஞ்சா மாத்திக் குடுப்பீங்களா. உங்க ஆபீஸ்ல போன் எடுக்குற பொண்ணுகிட்ட ஒரு நாள் உக்காந்து கேட்டு எழுதுங்க, பேஜுக்கு வேண்டிய மேட்டர் முழுக்க அந்தப் பொண்ணுகிட்டதான் இருக்கு.

விலைய போட்டா போட்டி கம்பெனிக்காரங்க பார்த்துடுவாங்கன்னு லெட்டர்ல எழுதியிருந்தீங்க. அவங்க கஸ்டமர் மாதிரி ஒரு போன் போட்டா தெரிஞ்சுரும், ஏற்கனவே தெரிஞ்சும் இருக்கும். விலை தெரியாம போறது வாங்க வந்த ஆளுக்கு மட்டும்தான். சரியான விலை போட முடியலன்னா 'இவ்வளவுல இருந்து ஆரம்பம்'னாவது போடுங்க.

இன்னொண்ணு, ஜனங்க நெஜமா என்ன டைப் பண்ணித் தேடினாங்கன்னு காட்டுற சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்ட திறந்து பாருங்க. 'கிரைண்டர்'னு பொதுவா கீவேர்டு வச்சிருக்கீங்க, அதுக்கு 'செகண்ட் ஹேண்ட் கிரைண்டர்', 'கிரைண்டர் ரிப்பேர்', 'ஆங்கிள் கிரைண்டர்'னு தேடுறவங்கல்லாம் கூட வருவாங்க. அதையெல்லாம் நெகட்டிவ் கீவேர்டா போடுங்க, அந்த வார்த்தைக்கு உங்க விளம்பரம் வராது. இரும்பு அறுக்குற மிஷின் தேடி வந்தவருக்கு எவ்வளவு நல்ல பேஜ் காட்டினாலும் மாவு கிரைண்டர் வாங்கப் போறதில்ல.

கேள்வி: எங்க ஜவுளிக் கடை சைட் கம்ப்யூட்டர்ல பறக்குது, போன்ல மட்டும் இழுக்குதுன்னு கஸ்டமர் சொல்றாங்க. நல்ல சர்வர் வாங்கணுமா? (ஈரோடு வாசகி)

பதில்: சர்வருக்கு முன்னாடி போட்டோவப் பாருங்கம்மா. கேமராவுல எடுத்தத அப்படியே ஏத்தியிருக்கீங்க, ஒரு சேலை படம் 4 எம்பி, அந்த பேஜ்ல 12 சேலை, கணக்கு போட்டா 48 எம்பி. போன் திரைக்கு அவ்வளவு பெருசு தேவையே இல்ல, அகலத்த 1200 பிக்சலுக்குக் குறைச்சு வெப்பின்ற (WebP) பட பார்மட்ல சேவ் பண்ணுனா பெரும்பாலும் 200, 300 கேபிக்குள்ள வந்துடும், ஜரிகை வேலைப்பாடும் தெளிவா தெரியும். அப்புறம் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்னு கூகுளோட இலவச டூல் இருக்கு, அதுல மொபைல்னு இருக்கறத பாருங்க. முக்கியமான படம் இல்லன்னா எழுத்து திரையில வர எடுக்குற நேரம் 2.5 செகண்டுக்குள்ள இருந்தா நல்லதுன்றது அவங்க அளவுகோல். பேஜ் மொபைல்ல லோட் ஆக 3 செகண்டுக்கு மேல எடுத்தா 53 சதவீதம் பேர் விட்டுட்டுப் போறாங்கன்னு கூகுளே 2016ல சொன்னாங்க. தானா ஓடுற வீடியோவையும் எடுத்துடுங்க.

கேள்வி: 'டெஸ்டினேஷன் நாட் ஒர்க்கிங்'னு சொல்லி என் விளம்பரத்த நிறுத்திட்டாங்க. எனக்கு சைட் நல்லாத்தானே திறக்குது?

பதில்: உங்களுக்குத் திறக்குது, கூகுளோட ரோபோவுக்குத் திறக்கல. ஆட்ஸ்பாட்னு ஒண்ணு வந்து பேஜப் பார்க்கும், அது வெளிநாட்டு ஐபியில இருந்தும் வரலாம். செக்யூரிட்டி பிளகின்ல இந்தியாவுக்கு வெளிய இருந்து வர்றத எல்லாம் பிளாக்ல போட்டிருந்தா அதையும் சேர்த்துத் தடுத்துடும். ஹோஸ்டிங்காரங்ககிட்ட ஆட்ஸ்பாட்ட அனுமதிக்கச் சொல்லுங்க, லிங்க்ல எழுத்துப்பிழை இருக்கான்னும் பார்த்துட்டு அப்பீல் பண்ணுங்க.

கேள்வி: விளம்பரத்துல 'குறைந்தபட்சம் 50 டி-சர்ட்'னு போட்டிருக்கோம், பேஜ்ல 200 பீஸ்னு இருக்கு. ஆளு உள்ள வந்தா பேசி 200க்கு ஏத்திக்கலாம்னு பார்ட்னர் சொல்றார். சரியா அண்ணா? (திருப்பூர்)

பதில்: சரியில்ல தம்பி. 50 பீஸ் தேடி வர்றவர் காலேஜ் சிம்போசியத்துக்கு எடுக்குற பையன், அவன்கிட்ட 200க்கு காசு கிடையாது, ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சுட்டுப் போவான். 50 பீஸ் உங்களால முடியும்னா அதுக்கு விலை கொஞ்சம் கூட வச்சு பேஜ்லயே போடுங்க, முடியாதுன்னா விளம்பரத்துலயே 200னு சொல்லிடுங்க, கிளிக் கொறையும், வர்றவங்க வாங்குறவங்களா வருவாங்க.

கேள்வி: டியூஷன் சென்டருக்கு பேஜ்ல 9 கட்டம் உள்ள ஃபார்ம் வச்சிருக்கேன், யாரும் நிரப்பல. வாட்ஸ்அப் பட்டன் போதுமா? (மதுரை)

பதில்: போதும். அம்மா அப்பா வேலைக்கு நடுவுல போன்ல பார்க்குறாங்க, அப்பாவோட தொழில், முந்தின வருஷ மார்க்கெல்லாம் முதல்லயே கேட்டா யாரு எழுதுவாங்க? பேர், போன் நம்பர், எந்த கிளாஸ், இந்த மூணோட நிறுத்துங்க, பக்கத்துல வாட்ஸ்அப் பட்டன். ஆனா அந்த பட்டன எத்தன பேர் தொட்டாங்கன்னு கன்வெர்ஷன் டிராக்கிங் போட மறக்காதீங்க, இல்லன்னா எந்த கீவேர்டு பிள்ளைங்கள கொண்டு வந்ததுன்னு தெரியாமலே காசு போயிட்டிருக்கும். விளம்பரம் தமிழ்ல இருக்கு, பேஜ் முழுக்க இங்கிலீஷ்ல இருக்கு, அதையும் தமிழ்ல மாத்துங்க.

கேள்வி: பேஜ மாத்தி 3 நாள் ஆச்சு, ஸ்கோர் இன்னும் அப்படியே இருக்கே?

பதில்: 3 நாள்ல எதுவும் முடிவு பண்ணாதீங்க, கூகுள் திரும்ப வந்து பேஜப் பார்க்கணும், அந்த கீவேர்டுக்குப் போதுமான தேடலும் நடக்கணும். மாத்தின தேதிய நோட்டுல எழுதி வைங்க, கீவேர்டு டேபிள்ல குவாலிட்டி ஸ்கோர் ஹிஸ்டரின்னு ஒரு பத்தி (column) சேர்க்கலாம், வாரா வாரம் அதப் பாருங்க. பக்கத்துலயே இன்னொரு கோடு போட்டு அந்த வாரம் எத்தன போன் வந்தது, அதுல எத்தன பேர் வாங்கினாங்கன்னு எழுதுங்க. ஸ்கோர் 5லயே நின்னு போன் மட்டும் ஏறிச்சுன்னா பேஜ தொடாதீங்க, அது வேலை செய்யுது.