பயிற்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

(டாலஸ் பக்கம் சிறிய லேத் பட்டறை நடத்துபவர், டெக்சாஸில் அரசின் வேலைப் பயிற்சிப் பணத்தைப் பங்கிடும் உள்ளூர் வொர்க்ஃபோர்ஸ் போர்டு ஒன்றில் சில ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர். இந்த இதழில் அவர் பதில் சொல்கிறார்.)

ஐ.டி. வேலை போய்விட்டது. கிரீன் கார்டு இருக்கிறது. அரசாங்கமே பணம் கட்டிப் படிக்க வைக்கும் என்கிறார் நண்பர். உண்மையா? கடனாகத் தருவார்களா?
– வாசகர், இர்விங்

உண்மைதான். கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். 2014-இல் ஒபாமா கையெழுத்திட்ட ஒரு சட்டம் இருக்கிறது. Workforce Innovation and Opportunity Act என்பது பெயர். இந்தத் துறையில் எல்லோரும் அதைச் சுருக்கி 'வியோவா' (WIOA) என்பார்கள். அதன்படி வாஷிங்டனிலிருந்து பணம் மாநிலத்துக்கு வருகிறது. மாநிலம் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை உள்ளூர் போர்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. டெக்சாஸில் இப்படி 28 போர்டுகள். வாசலில் 'வொர்க்ஃபோர்ஸ் சொல்யூஷன்ஸ்' என்ற பலகை இருக்கும். அங்கேதான் போக வேண்டும்.

லே-ஆஃப் ஆனவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு: 'டிஸ்லொகேட்டட் வொர்க்கர்'. இதில் வருமான வரம்பு கிடையாது. மனைவி சம்பாதிக்கிறார், வீடு இருக்கிறது என்று நீங்களே தயங்கி நிற்க வேண்டாம். இன்னொன்று 'அடல்ட்' கணக்கு. அதில் அரசு உதவி பெறுபவர்கள், குறைந்த வருமானக்காரர்கள், படிக்க எழுதத் தடுமாறுபவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். சேர்ந்துவிட்டு ரசீதோடு போகாதீர்கள். விளம்பரத்தைப் பார்த்து ஏதாவது பூட்கேம்ப்பில் (சில வார அவசரப் படிப்பு) கார்டைத் தேய்த்துவிட்டு, அப்புறம் போர்டு திருப்பித் தரும் என்று வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தராது. மாநிலம் அங்கீகரித்த பயிற்சி நிறுவனங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. படிப்பு அதில் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு உங்கள் பகுதியில் ஆள் தேவை இருக்க வேண்டும். ஒப்புதல் கையில் வந்த பிறகுதான் சேர வேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் எவ்வளவு என்பதை அந்தந்தப் போர்டே முடிவு செய்கிறது. பக்கத்துப் போர்டில் வேறு தொகையாக இருக்கும். பெல் கிராண்ட் (கல்லூரிப் படிப்புக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை) கிடைக்கக்கூடியவர் என்றால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இன்னொரு சிக்கல். எம்.எஸ். படித்து, பல வருட அனுபவமும் உள்ளவர் என்றால், "உங்களுக்குப் பயிற்சி தேவையில்லை, ரெஸ்யூமேயைச் சரி செய்து தருகிறோம்" என்று அனுப்பிவிடக்கூடும். பயிற்சி இல்லாமல் பழையபடி சம்பாதிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்தால்தான் பணம். ஆகவே வெறும் கையோடு போகாதீர்கள். விண்ணப்பித்த வேலைகள், வந்த மறுப்புகள், விளம்பரங்களில் கேட்கும் சான்றிதழ், எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோய் மேஜையில் வையுங்கள்.

ஆண்கள் கவனிக்க: இந்தப் பணத்துக்கு செலக்டிவ் சர்வீஸ் பதிவைக் கேட்பார்கள். தேவைப்பட்டால் ராணுவத்துக்கு அழைப்பதற்காக இளைஞர்கள் பெயரைப் பதியும் ஏற்பாடு அது. 26 வயதுக்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்தவர் பதிய வேண்டியதில்லை. எப்போது வந்தீர்கள் என்பதற்குப் பழைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள். கவுண்ட்டரில் இருப்பவருக்கே சில சமயம் இந்த விலக்கு நினைவிருக்காது.

பயிற்சியில் சேர்ந்தால் அன்எம்ப்ளாய்மெண்ட் பணம் நின்றுவிடுமா?
– வாசகி, கேரல்டன்

ஒப்புதல் பெற்ற பயிற்சி என்றால், படிக்கிறீர்கள் என்ற காரணத்துக்காக நிறுத்தக் கூடாது. மத்திய சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 'ஒப்புதல் பெற்ற' என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னார்கள் என்பது பிறகு எடுபடாது.

பிளேனோவில் இருக்கிறோம். டாலஸ் அலுவலகத்துக்குப் போனால் வேறு இடத்துக்குப் போகச் சொன்னார்கள். தட்டிக் கழிக்கிறார்களா?
– வாசகர், பிளேனோ

இல்லை. டாலஸ் கவுண்டிக்கு ஒரு போர்டு. பிளேனோவின் பெரும்பகுதி காலின் கவுண்டி. அது நார்த் சென்ட்ரல் டெக்சாஸ் போர்டின் கீழ் வருகிறது. ஃபோர்ட் வொர்த் இருக்கும் டாரன்ட் கவுண்டிக்கு இன்னொன்று. வேலை தேட, கம்ப்யூட்டர் பயன்படுத்த எந்த அலுவலகத்துக்கும் போகலாம். பயிற்சிப் பணம் என்று வந்தால் பெரும்பாலும் வீட்டு முகவரிதான் கணக்கு.

போர்டு முழுக்க முதலாளிகள்தானாமே? பொதுப் பணத்தை அவர்கள் கையில் கொடுப்பது சரியா?
– வாசகர், ஆஸ்டின்

முழுக்க இல்லை, பாதிக்கு மேல். மத்திய சட்டமே அப்படித்தான் வைத்திருக்கிறது: பெரும்பான்மை தொழில் நடத்துபவர்கள், தலைவரும் அவர்களில் ஒருவர். குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு தொழிலாளர் தரப்பு. தொழிற்சங்கம், அப்ரண்டிஸ் பயிற்சி (வேலை செய்துகொண்டே தொழில் கற்பது) நடத்துபவர்கள் போன்றோர். மிச்சம் கல்லூரி, பொருளாதார வளர்ச்சி, மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வுத் துறை ஆட்கள். நியமிப்பது மேயர், கவுண்டி ஜட்ஜ் (டெக்சாஸில் கவுண்டி நிர்வாகத்தின் தலைவர்) போன்ற தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பணம் தவறாகப் போனால் பதில் சொல்ல வேண்டியதும் அவர்கள்தான்.

ஏன் முதலாளிகள்? இதற்கு முன்னால் பட்ட அனுபவம். வேலை கொடுப்பவனைக் கேட்காமல் பாடம் நடத்தினால், சான்றிதழோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டம்தான் பெருகும். 1982-இல் ரீகன் காலத்துச் சட்டத்திலேயே தனியார் தொழில் கவுன்சில் என்ற பெயரில் இந்த ஏற்பாடு இருந்தது. என் பட்டறைக்கு சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இயந்திரம்) இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று நான் போர்டில் சொன்னால் அதில் என் சுயநலம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆளுக்கு நாளையே வேலை இருக்கிறது என்பதும் உண்மை. நம் நிறுவனத்துக்குப் பணம் போகும் தீர்மானம் வந்தால் அறிவித்துவிட்டு ஓட்டுப் போடாமல் ஒதுங்க வேண்டும்.

முதலாளிகளைவிட எனக்கு அதிகக் கவலை தந்தது மதிப்பெண் முறை. போர்டு தானே கடை நடத்துவதில்லை. 'வொர்க்ஃபோர்ஸ் சொல்யூஷன்ஸ்' மையங்களை நடத்த ஏலம்போலப் போட்டி வைத்து ஒப்பந்தம் கொடுக்கிறது. அந்த ஒப்பந்தக்காரரையும் போர்டையும் அளப்பது இப்படி: சேவை முடித்து வெளியே போனவர் இரண்டாவது காலாண்டில் வேலையில் இருக்கிறாரா, நான்காவது காலாண்டில் இருக்கிறாரா, சம்பளம் எவ்வளவு, சான்றிதழ் வாங்கினாரா. நல்ல அளவுகோல்கள்தான். ஆனால் இதில் பாஸாக எளிய வழி எது? எப்படியும் வேலை கிடைத்துவிடும் ஆளாகப் பார்த்துச் சேர்ப்பது. ஜெயிலில் இருந்து வந்தவர், ஆங்கிலம் தடுமாறும் ஐம்பது வயதுப் பெண், இவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை விழும். கஷ்டப்படும் பகுதிகளுக்கு இலக்கைத் தளர்த்த இப்போது புள்ளியியல் கணக்கு வைத்திருக்கிறார்கள். அது போர்டின் மொத்த இலக்கைச் சரி செய்யும். மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து ஆலோசகர் மனதுக்குள் போடும் கணக்கை அது மாற்றுமா? நான் பார்த்தவரை மாற்றவில்லை.

மகனுக்கு 19 வயது. கம்யூனிட்டி காலேஜைப் பாதியில் விட்டுவிட்டான். இளைஞர் திட்டத்தில் சேர்க்கலாமா?
– ஒரு தாய், சுகர் லேண்ட்

உங்கள் பகுதி கல்ஃப் கோஸ்ட் போர்டு. ஹியூஸ்டனோடு சேர்ந்து 13 கவுண்டிகள். 16 முதல் 24 வயது வரை, படிப்பில் இல்லாதவர்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. இளைஞர் நிதியில் முக்கால் பங்கு அவர்களுக்கே போக வேண்டும் என்பது விதி. ஆனால் உங்கள் மகன் ஹைஸ்கூல் முடித்தவன். காலேஜை விட்டதை இந்தச் சட்டம் 'டிராப்அவுட்' கணக்கில் சேர்க்காது. பெரும்பாலும் குடும்ப வருமானம் குறைவு, கூடவே வேறு தடைகள் என்று இருந்தால்தான் வழி. சுகர் லேண்டில் சொந்த வீட்டோடு இருப்பவருக்கு நான் ஆசை காட்ட மாட்டேன்.

பதிவு செய்யப்பட்ட அப்ரண்டிஸ்ஷிப் பக்கம் பாருங்கள். எலக்ட்ரீஷியன் என்றால் நான்கு ஐந்து ஆண்டுகள். முதல் நாளிலிருந்தே சம்பளம், படிப்படியாக ஏறும். நம் வீடுகளில் "எலக்ட்ரீஷியனா?" என்று முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். என் பட்டறைக்கு வரும் எலக்ட்ரீஷியனின் பில்லைப் பார்த்தால் அந்தச் சுளிப்பு போய்விடும். முதலில் மகனைக் கேளுங்கள். கடிதம் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அவன் எழுதவில்லை.

இந்தத் திட்டத்தையே மூடப் போகிறார்கள் என்கிறார்களே?
– வாசகர், ரவுண்ட் ராக்

சட்டத்தின் காலம் 2020 நிதியாண்டோடு முடிந்தது. அதன் பிறகு வருடா வருடம் காங்கிரஸ் பணம் ஒதுக்குவதால் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 ஏப்ரலில் புதிய மசோதா ஒன்று பிரதிநிதிகள் சபையில் இரு கட்சி ஆதரவோடு நிறைவேறியது. அந்த டிசம்பரில் செலவு மசோதாவோடு சேர்ந்து வந்து, கடைசி நேரத்தில் கழன்று விழுந்தது. 2025-இல் டிரம்ப் அரசின் பட்ஜெட், பல பயிற்சித் திட்டங்களை ஒரே மானியமாகச் சுருக்கலாம் என்று முன்வைத்தது.

2024 மசோதாவில் ஒரு அம்சம் இருந்தது: பெரியவர்களுக்கான பணத்தில் பாதியாவது பயிற்சிக்கே போக வேண்டும். போர்டுகளில் பலருக்கு அது பிடிக்கவில்லை. வாடகை, ஆலோசகர் சம்பளம், வேலை தேட உதவி எல்லாம் எங்கிருந்து என்றார்கள். நியாயம்தான். ஆனாலும் பாதி என்பது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

போர்டு கூட்டத்துக்கு நாங்கள் போகலாமா? பேச விடுவார்களா? டீ, பிஸ்கட் உண்டா?
– வாசகர் (பெயர் வேண்டாம் என்கிறார்), ஃப்ரிஸ்கோ

போகலாம், சட்டப்படி திறந்த கூட்டம். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே போர்டின் இணையதளத்தில் வரும். நிரலில் உள்ள விஷயம் பற்றிப் பொதுமக்கள் பேசவும் பொதுவாக நேரம் தருவார்கள். வாசலில் பெயர் எழுதிக் கொடுத்தால் போதும். நான் இருந்த காலத்தில் பெரும்பாலான கூட்டங்களில் பொதுமக்கள் நாற்காலி காலிதான். போவதாக இருந்தால் ஒரே கேள்வியோடு போங்கள்: போன ஆண்டு எந்தெந்தப் பயிற்சி நிறுவனத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், அங்கே படித்தவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்? கணக்கு அவர்களிடம் இருக்கிறது, கொடுப்பார்கள்.

காபி உண்டு. டீக்கு நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.