இனிஷியலை மாற்றாவிட்டால் என்ன ஆகும்?

கேள்வி: கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். நான் ஒன்பதாவது படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார், அம்மாதான் தையல் மிஷினை நம்பி என்னைப் படிக்க வைத்தார். இப்போது ஆதார், பாஸ்புக் எல்லாவற்றிலும் அப்பா இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவர் இனிஷியலைப் போடச் சொல்லி மாமியார் வீட்டில் நெருக்குகிறார்கள். "ஒரு எழுத்துதானே, இதுக்குப் போயா?" என்கிறார் கணவர். நான் வீண் பிடிவாதம் பிடிக்கிறேனா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: இல்லவே இல்லை. ஒரு எழுத்துதானே என்றால் அதை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்களேன் என்று அவரிடம் ஒரு தடவை சிரித்துக்கொண்டே கேளுங்கள், முகம் போகிற போக்கிலேயே அது எவ்வளவு பெரிய எழுத்து என்று தெரிந்துவிடும்.

முதலில் சட்டம். கல்யாணமானதும் பெண் தன் பெயரையோ இனிஷியலையோ மாற்றியே ஆக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டில் கணவர் பெயருக்கென்று தனி இடம் இருக்கிறது, உங்கள் பெயர் பாட்டுக்கு அப்படியே இருக்கலாம். பான் கார்டு இன்னும் வேடிக்கை, அங்கே கல்யாணமான பெண்ணாக இருந்தாலும் அப்பா அல்லது அம்மா பெயர்தான், கணவர் பெயருக்கு இடமே கிடையாது. மாற்றினால்தான் உங்களுக்குத் தலைவலி. பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து பி.எட். வரை ஓர் எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து என்று இருந்தால், நாளைக்கு அரசுப் பள்ளி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் போய் நிற்கும்போது "இது ரெண்டும் நீங்கதானாம்மா?" என்று ஆரம்பிப்பார்கள், அப்புறம் அரசிதழில் பெயர் மாற்றம் போட்டு அந்தத் தாளைக் காலத்துக்கும் ஃபைலில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

"காலங்காலமா இருக்கிற பழக்கம்" என்று மாமியார் சொல்லியிருப்பார். அதெல்லாம் அவ்வளவு பழசு இல்லை. நம் கொள்ளுப்பாட்டிகளில் பலருக்கு இன்னார் மகள், இன்னார் சம்சாரம் என்பதோடு சரி, கேட்ட இடத்தில் கைநாட்டு. பள்ளிக்கூட ரெஜிஸ்டரும் ரேஷன் கார்டும் வந்துதான் பெண்ணுக்கு இந்த எழுத்து ஒட்டிக்கொண்டது.

ஆனால் அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கிற எண்ணம் பழசுதான்: கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்கு வேற்றாள். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆனது, அதிலும் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன மகள்களை ஒதுக்கித்தான் வைத்தார்கள். அந்தப் பிரிவினை போக 2005-இல் மத்திய அரசின் திருத்தம் வர வேண்டியிருந்தது. சட்டமே இவ்வளவு மெதுவாக நகர்ந்திருக்கும்போது உங்கள் மாமியார் ஆறு மாதத்தில் மாறவில்லையே என்று அவர் மேல் கோபப்படாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காப்பாற்றத் துடிக்கிற எழுத்தும் ஓர் ஆணுடையதுதான், தையல் மிஷின் மிதித்தவருக்கு உங்கள் பெயரில் ஓர் எழுத்துகூட இல்லை. அதற்காக அப்பாவின் எழுத்தை விட வேண்டாம், விருப்பமிருந்தால் அம்மாவுடையதையும் சேர்ப்பது உங்கள் இஷ்டம்.

கணவரை வில்லனாக்க வேண்டாம். பெற்றவர்கள் முன்னால் வாயைத் திறக்காதவன்தான் நல்ல பிள்ளை என்று அவரையும் சொல்லிச் சொல்லி வளர்த்திருப்பார்கள். ஆனாலும் இதை மாமியாரிடம் பேச வேண்டியவர் அவர்தான், நீங்கள் பேசினால் வாயாடி மருமகள் என்று ஆகிவிடும். சீராக வந்த குடத்திலும் குத்துவிளக்கிலும் உங்கள் அப்பா இனிஷியலோடுதானே பெயர் வெட்டியிருக்கும்? அதை மட்டும் யாரும் அழித்துவிட்டு வா என்று சொல்லவில்லையே என்பதையும் அவர் காதில் போட்டு வையுங்கள்.

அதுவரை ஆதார் கார்டையும் ஓடிபி வருகிற போனையும் உங்கள் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். "நானே இ-சேவைக்குப் போய் முடிச்சுட்டு வந்துடறேம்மா" என்று மாமனார் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் சரி.