குழந்தை இன்குபேட்டரில், தாய் மௌனத்தில்: கோத்தகிரித் தம்பிக்குப் பதில்

தம்பி, 29ஆம் வாரத்தில் பிறந்த மகள் இங்கிலாந்து மருத்துவமனையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பதையும், உங்கள் மனைவி உறக்கமின்றி, குழந்தையைத் தொடவும் அஞ்சி ஒடுங்கிப்போயிருப்பதையும் எழுதி, இதை அங்கே சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ, விசாவுக்குத் தொல்லை வருமோ என்று கேட்டிருந்தீர்கள். இன்றே சொல்லுங்கள். மனச்சோர்வு என்ற ஒரே காரணத்துக்காகத் தாயிடமிருந்து குழந்தையைப் பிரிப்பதில்லை. மனநலச் சிகிச்சை பெறுவது விசாவைப் பறிக்கும் காரணமும் அன்று.

நம் மலையில் குறைமாதக் குழந்தை பிறந்து நிலைமை மோசமானால் கோயம்புத்தூருக்கு அனுப்புவார்கள். தாய் மேலே வார்டில் கிடக்க, தகப்பன் மேட்டுப்பாளையம் சாலையில் இறங்குவதும் ஏறுவதுமாக அலைவான். ஆயினும் தாயின் கட்டிலருகே அம்மாவோ சித்தியோ இருப்பார்கள். அவள் மனம் எப்படியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஆனால் தனியாக விடமாட்டார்கள். இங்கிலாந்தில் கேட்பார்கள், உடனிருக்கத்தான் ஆளில்லை. ஆகவே கேட்கும்போது உண்மையைச் சொல்லாவிட்டால் உதவி வருவதற்கு வேறு வழியே கிடையாது.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை அறிய 1987இல் உருவான எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகளைத் தரக்கூடும்; கடந்த 7 நாட்களைப் பற்றியவை அவை. நம் பெண்கள் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் ‘ஒன்றுமில்லை’ என்றே குறித்துவிடுவார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கட்டணமில்லை. அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். கணவன் காதில் விழக்கூடாது என்று அவர் மறைப்பதுதான் முக்கியமானதாக இருக்கலாம்.

தொடுவதற்கான அச்சத்துக்குக் கங்காரு முறை நல்லது. 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய இம்முறையில், குழந்தையின் உடல்நிலை இடம் கொடுத்தால், குழாய்களும் வயர்களும் இருக்கும்போதே செவிலியர் அதைப் பெற்றோரின் வெறும் மார்பில் கிடத்துவார். நீங்களும் அப்படி வைத்துக்கொள்ளலாம். தகப்பனுக்கும் மனச்சோர்வு வரும் என்பதை நம் வீடுகளில் எவரும் ஒப்புக்கொள்வதில்லை.

ஊரிலிருந்து ‘எத்தனை கிலோ ஆச்சு?’ என்று வரும் அழைப்புகள் அன்பினால்தான் வருகின்றன, ஆனாலும் எடை குறைந்த நாளில் அந்தக் கேள்வி தாயைக் குத்திக் கிழித்துவிடும். எல்லாருக்கும் செய்தி சொல்லும் பொறுப்பை உங்கள் அண்ணனிடம் ஒப்படையுங்கள். மனைவியிடம் அவருடைய அம்மா மட்டும் பேசட்டும்.

இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் 6 முதல், பிறந்த 28 நாட்களுக்குள் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுத் தொடர்ந்து 7 நாட்களாவது சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் பெற்றோருக்கு, 12 வாரம் வரை தனி விடுப்பு உண்டு. வேலையில் புதியவரானாலும் விடுப்பு கிடைக்கும். ஊதியத்துக்கு 26 வாரப் பணிக்காலம் வேண்டும் என்பதால் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

வாழவே வேண்டாம் என்ற பொருள்படும் எதையாவது மனைவி சொன்னால் விடியும்வரை காத்திராதீர்கள். 111ஐ அழைத்து மனநலத்துக்கான 2ஐ அழுத்துங்கள்; உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 999.