பூச்சு உதிர்ற பழைய சுவர்ல கிச்சன் கப்போர்டு மாட்டலாமா?
பழைய வீடு, ஆணி அடிச்சாலே பூச்சு பொலபொலன்னு கொட்டுது, மாடுலர் கிச்சன் போடலாமான்னு கேட்டிருக்கீங்க. போடலாம், ஆனா மொதல்ல விரல் முட்டியால சுவர் முழுக்க தட்டிப் பாருங்க, பொத்து பொத்துன்னு சத்தம் வர்ற இடத்துல பூச்சு செங்கல்லேர்ந்து விட்டுடுச்சுன்னு அர்த்தம், அதை செங்கல் தெரியுற வரைக்கும் கொத்தி எடுத்துடணும், மேலாக்க பட்டி பார்த்து மறைக்கிறதெல்லாம் வேலைக்கே ஆகாது. ஓதம் இருந்தா அது எங்கேர்ந்து வருதுன்னு முன்னாடியே கண்டுபிடிங்க, சிங்க் பின்னாடி பைப் லீக்கா கூட இருக்கும். பைப், வயரிங்குக்கு காடி வெட்டுறதையும் பூசுறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, நாலரை இஞ்ச் சுவர்னா குறுக்கால நீளமா வெட்ட விடாதீங்க, சுவரே பலவீனமாயிடும்.

அப்புறம் தூசி போக பிரஷ் போட்டு, தண்ணி அடிச்சு, 1:4 கலவைல (ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல்) பூசி, பூச்சை ஒரு வாரம் தண்ணி விட்டு நனைங்க (கொத்தனார் ரெண்டு நாள் போதும்பாரு, கேக்காதீங்க). பீமும் செங்கலும் சேர்ற இடத்துல கோழி வலை (மெல்லிசான கம்பி வலை) அடிச்சு பூசினா விரிசல் அவ்வளவா வராது.

மேல் கப்போர்டுக்கு ஸ்க்ரூ பூச்சுல நிக்கக்கூடாது, செங்கல்லுக்குள்ள போகணும், அதனால டைல்ஸ், பூச்சு கனத்தையும் சேர்த்து நீளம் வாங்குங்க. என்னைக் கேட்டா கிரைண்டர், குக்கர் மாதிரி வெயிட்டான சாமானெல்லாம் கீழயே வெச்சுக்கங்க.