லெட்ச்வொர்த் தோட்ட நகரம் எப்படி உருவானது? ஒரே நாளில் அங்கே எதையெல்லாம் பார்க்கலாம்?

பெயரை நம்பி மலர்ப்பூங்காவை எதிர்பார்த்துப் போகிறவர்கள்தான் அங்கே ஏமாறுகிறார்கள். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் இந்த ஊரின் விசேஷம் மரம் செடியில் இல்லை, நிலக்கணக்கில் இருக்கிறது.

தோட்ட நகர யோசனையைத் தந்த எபனேசர் ஹோவர்ட் நாடாளுமன்றப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்துவந்தவர். கட்டடக் கலைஞர் அல்ல. 1898இல் அவர் எழுதிய நூலின் கணக்கு இது: விளைநிலத்தை விளைநில விலைக்கே வாங்க வேண்டும், அதை யாருக்கும் விற்கக் கூடாது, குத்தகைக்கு மட்டுமே விட வேண்டும். ஊர் வளர வளர மனை மதிப்பு ஏறும். ஏறிய வாடகையில் முதலில் கடன் அடையும், மிச்சம் ஊர்ச் செலவுக்குப் போகும். 6,000 ஏக்கரில் 1,000 ஏக்கர் மட்டும் ஊர், சுற்றிலும் வேளாண் நிலம், மொத்தம் 32,000 பேர்.

அதை நடைமுறைப்படுத்த 1903இல் அமைந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது 3,818 ஏக்கர்தான். அதையும் 15 உரிமையாளர்களிடம் பேசித்தான் சேர்க்க முடிந்தது. வரைபடம் பாரி பார்க்கரும் ரேமண்ட் அன்வினும் போட்டது. அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் காற்று வீசும். புகை வீடுகள் பக்கம் வராமலிருக்க ஆலைகளைக் கிழக்கே ஒதுக்கினார்கள்.

இடறியது பணத்தில். பங்குதாரர்களுக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஈவுத்தொகை இல்லை என்பது விதி. ஆனால் தொடக்க ஆண்டுகளில் அதைக்கூடக் கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் சாலையும் குழாயும் முதலில் போட்டாக வேண்டும், வாடகை பின்னால்தான் வரும். 1960 வாக்கில் ஒரு தனியார் நிறுவனம் பங்குகளை வாங்கிக் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. அதை மீட்க 1962இல் தனிச்சட்டமே தேவைப்பட்டது. 1995 முதல் நிலம் ஓர் அறக்கட்டளையிடம் இருக்கிறது. என்னைக் கேட்டால், வாடகையை ஊருக்கே திருப்பும் ஏற்பாடு இல்லாமல் 'தோட்ட நகரம்' என்று பெயர் வைப்பதெல்லாம் வெறும் விளம்பரம்.

இனி பார்க்க வேண்டியவை. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து கேம்பிரிட்ஜ் வழித்தட ரயிலில் போகலாம். நிலையத்துக்கு வடக்கே முதலில் நெவல்ஸ் சாலை. 1905இல் நடந்த மலிவு வீட்டுக் கண்காட்சிக்கு விதி, ஒரு வீடு 150 பவுண்டுக்குள் முடிய வேண்டும் என்பது. அந்த வீடுகள் இந்தப் பக்கத்துத் தெருக்களில் இன்றும் இருக்கின்றன. வில்பரி சாலை 158ஆம் எண் வீடு வார்ப்புக் கான்கிரீட் பலகைகளால் ஆனது. வடிவமைத்த ஜான் பிராடிதான் கால்பந்து கோலுக்கு வலை கட்டும் யோசனையைத் தந்தவர். எல்லாமே ஆள் குடியிருக்கும் வீடுகள், தெருவில் நின்றுதான் பார்க்க முடியும்.

நெவல்ஸ் சாலையிலேயே பழைய ஸ்கிட்டில்ஸ் இன், 1907இல் கட்டிய மது இல்லாத மதுக்கடை! கொக்கோவும் தேநீரும்தான் அப்போது கிடைத்தன. ஊர் நடுவில் 1958 வரை மது விற்கவில்லை. தாகம் தாங்காதவர்கள் நார்ட்டன், வில்லியன் கிராமங்களுக்கு நடந்தார்கள். இப்போது அந்தக் கட்டடம் வயதுவந்தோர் கல்வி மையம்.

நிலையத்தருகே கோட்டை மாதிரி நிற்பது ஸ்பைரெல்லா, இடுப்புக்கச்சை தைத்த ஆலை. ஆலை என்று சொன்னால்தான் தெரியும், அவ்வளவு ஜன்னல்கள்.

பிராட்வே வழியாகத் தெற்கே கால் மணி நேரம் நடந்தால் சாலர்ஷாட் சர்க்கஸ். சுமார் 1909இல் அமைந்த, பிரிட்டனின் முதல் ரவுண்டானா. முதலில் எந்தப் பக்கமும் சுற்றலாம் என்றிருந்தது. 'இடப்பக்கம் செல்' பலகை பிறகுதான் வந்தது.

நேரம் மிச்சமிருந்தால் ரயில் ஏறுமுன் நார்ட்டன் காமன் என்ற பொதுப் பசுமைவெளிக்குப் போகலாம். அங்கே கறுப்பு அணில்கள் உண்டு. ஊரைச் சுற்றிய கிரீன்வே பாதை 13.6 மைல், அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.